எர்ஃபர்ட் அகஸ்டீன் மடம்: லூதர் துறவியாக வாழ்ந்த இடத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துப் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் என்றதும் எல்லாரும் ஜெர்மனியின் விட்டன்பர்க்குக்குத்தான் டிக்கெட் போடுகிறார்கள். தேவாலயக் கதவில், திருச்சபையின் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்த 95 கருத்துரைகளை ஆணியடித்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஊர் அது. அங்கே போய் ஆசையோடு நீங்கள் தொட்டுப் பார்க்கும் கதவு 1858-இல் செய்து மாட்டிய வெண்கலக் கதவு. பழைய மரக்கதவு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே போரில் எரிந்துபோயிற்று. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே போகும் முன் எர்ஃபர்ட்டில் ஒரு நாள் இறங்குங்கள் என்கிறேன். கருத்துரைகளுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன், 1505 ஜூலை 17 அன்று, இருபத்தொரு வயதுப் பையனாக லூதர் துறவு பூணப் படியேறிய அகஸ்டீன் சபை மடம் அங்கே இருக்கிறது.

இந்த மடத்தை வெறும் கட்டடமாகப் பார்த்தால் அரை மணியில் முடிந்துவிடும். லூதருடைய வாழ்க்கை நடந்த வரிசையில் ஊரைச் சுற்றினால் ஒரு பகல், ஓர் இரவு வேண்டும். அந்த வரிசையிலேயே போகலாம்.

எப்போது போவது

மே முதல் செப்டம்பர் வரை வசதி. குளிர்காலத்தில் கல் தேவாலயங்களுக்குள் வெளியில் இருப்பதைவிட அதிகமாகக் குளிர்வது போல இருக்கும். நம் ஊர் ஸ்வெட்டர் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும். காலை ஆராதனை நேரத்தில் தேவாலயத்துக்குள் சுற்றிப் பார்க்க முடியாது, உட்கார்ந்து ஆராதனையில் கலந்துகொள்ளலாம். அக்டோபர் 31 சீர்திருத்த நாள், எர்ஃபர்ட் இருக்கும் துரிங்கியா மாநிலத்தில் அரசு விடுமுறை.

என்னைக் கேட்டால் நவம்பர் 10-ஐச் சொல்வேன், குளிரைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால். லூதர் பிறந்தது 1483 நவம்பர் 10. மறுநாள் ஞானஸ்நானம், அது புனித மார்ட்டின் திருநாள் என்பதால்தான் அவருக்கு அந்தப் பெயர். எர்ஃபர்ட்டில் 10-ஆம் தேதி மாலை கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் சேர்ந்து இரண்டு மார்ட்டின்களையும் கொண்டாடுகிறார்கள். கதீட்ரல் முன்னால் உள்ள மைதானம் முழுக்கக் குழந்தைகள் கையில் காகித விளக்கோடு நிற்பார்கள். நம் கார்த்திகை தீபத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

போய்ச் சேர்வது

பிராங்க்பர்ட்டிலிருந்து விரைவு ரயிலில் ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம், பெர்லினிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம். டிக்கெட்டை வாரக்கணக்கில் முன்னாலேயே எடுத்தால் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். ஆனால் அந்த மலிவு டிக்கெட் குறிப்பிட்ட ஒரே ரயிலுக்குத்தான் செல்லும். விமானம் இறங்கி ஒன்றரை மணியில் ரயில் என்று கணக்குப் போட்டு, குடியேற்ற வரிசையில் நின்றபடியே அந்த ரயில் கிளம்பிப் போவதைக் கைபேசியில் பார்த்தவன் நான். வந்திறங்கும் நாளுக்கு மட்டும் எந்த ரயிலிலும் ஏறக்கூடிய டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலையத்திலிருந்து மடத்துக்கு டிராம் உண்டு. பெட்டி சின்னதாக இருந்தால் நடந்தே போகலாம், இருபது நிமிஷம்.

மடத்திலேயே தங்குங்கள்

இது பலருக்குத் தெரிவதில்லை. இப்போது இங்கே துறவிகள் இல்லை. மடம் புராட்டஸ்டன்ட் திருச்சபையின் கையில் இருக்கிறது, கூட்டங்கள் நடக்கும் இடமாகவும் விருந்தினர் விடுதியாகவும் நடத்துகிறார்கள். அறைகள் எளிமையானவை, சுத்தமானவை. டி.வி. கிடையாது. அதைக் குறையாக நினைக்கிறவர்கள் வேறு ஹோட்டல் பார்த்துக்கொள்ளலாம். திருச்சபைக் கூட்டங்கள் வந்தால் மொத்த விடுதியும் நிரம்பிவிடும். தேதி முடிவானதும் முதல் வேலையாக அறையைப் பதிவு செய்யுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் துறவு கேட்டு வந்தவனை நேரே உள்ளே விடுவதில்லை. கொஞ்ச நாள் விருந்தினர் பகுதியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நவதுறவியாக, அதாவது பயிற்சித் துறவியாக, சேர்ப்பார்கள். லூதரும் விருந்தாளியாகத்தான் தொடங்கினார்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பயப்பட வேண்டாம். காலையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, ஜாம், பழம் என்று ஓட்டிவிடலாம். இரவுக்குத் துரிங்கியாவின் உருளைக்கிழங்கு உருண்டை எல்லா இடத்திலும் கிடைக்கும். மேலே ஊற்றும் குழம்பு இறைச்சிச் சாறா, காளான் குழம்பா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்காமல் ஊற்றிவிடுவார்கள்.

மடத்துக்கு முன்: மாணவன் லூதர்

காலையில் மடத்துக்குள் நுழையாதீர்கள். முதலில் ஊருக்குள் போங்கள்.

லூதர் இங்கே வந்தது 1501-இல், பல்கலைக்கழகத்தில் படிக்க. அப்பா ஹான்ஸ் செம்புச் சுரங்கத் தொழிலில் உழைத்து மேலே வந்தவர். மகனை வக்கீலாக்கிவிட வேண்டும் என்பது அவர் கனவு. (நம் வீடுகளில் எஞ்சினியர் என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.) 1505 ஜனவரியில் மகன் முதுகலைப் பட்டம் வாங்கினான், பதினேழு பேரில் இரண்டாவதாக. சட்டப் படிப்பும் தொடங்கியாயிற்று.

நிலையத்திலிருந்து ஆங்கர் சதுக்கம் வழியாக நடந்தால் வணிகர் தேவாலயத்தின் முன்னால் லூதர் சிலை வரும். 1889-இல் வைத்தது. அதைக் கடந்து கிரேமர் பாலத்துக்குப் போங்கள். 1325-இல் கல்லால் கட்டியது. மேலே இரண்டு பக்கமும் 32 வீடுகள், இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பாலத்தில் நடக்கிறோம் என்பதே தெரியாது, சந்தைத் தெருவில் நடப்பது போலத்தான் இருக்கும்.

இந்த ஊருக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது, எப்படிப் போனது என்ற கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. சுற்றுவட்டாரத்தில் விளைந்த ஒரு செடியிலிருந்து நீலச் சாயம் எடுத்து ஐரோப்பா முழுக்க விற்றார்கள் எர்ஃபர்ட் வணிகர்கள். பல்கலைக்கழகமும் கோபுரங்களும் அந்தப் பணத்தில் எழுந்தவை. பிற்பாடு இந்தியாவின் அவுரி நீலம் கப்பலேறி வந்து அந்த வியாபாரத்தைச் சாய்த்துவிட்டது.

பாலத்திலிருந்து மிக்காயேலிஸ் தெருவுக்குத் திரும்பினால் பழைய பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடம். 1945 குண்டுவீச்சில் இடிந்து, பிறகு மறுபடி கட்டியது. அங்கிருந்து ஆற்றுப் பக்கமாகப் போனால் கியோர்கன்பூர்ஸே என்ற மாணவர் விடுதி. லூதர் தங்கிப் படித்தது இங்கேதான் என்று கருதுகிறார்கள். இங்கிருந்து மடம் கூப்பிடு தூரம். அதைக் கால்களால் அளந்து பாருங்கள்: உலகத்தை விட்டுப் போனவர் உண்மையில் நாலு கட்டடம் தள்ளிப் போனார்.

அப்புறம் அந்த இடி. 1505 ஜூலை 2 அன்று பெற்றோரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், ஊருக்கு வடக்கே ஷ்டோட்டர்ன்ஹைம் கிராமத்தருகே மின்னல் பக்கத்தில் விழுந்தது. "புனித அன்னம்மாளே, காப்பாற்று, துறவியாகிவிடுகிறேன்" என்று கத்தினார். அன்னம்மாள் சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலி. வீட்டில் கேட்டு வளர்ந்த பெயர்தான் வாயில் வந்தது. அந்த இடத்தில் 1917-இல் நாட்டிய கல் இருக்கிறது. உள்ளூர் ரயிலில் போய் இறங்கி நடக்க வேண்டும், அரை நாள் பிடிக்கும். வயல், மரம், ஒரு கல், அவ்வளவுதான். நேரம் இல்லாதவர்கள் இதைத் தாராளமாக விட்டுவிடலாம். மழைமேகம் கூடும் நாளில் மட்டும் போய்ப் பார்க்கலாம் என்பேன், குடையோடு.

இரண்டு வாரம் கழித்து நண்பர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்தார். மறுநாள் அவர்கள் அழுதபடி மடத்து வாசல் வரை கூட வந்தார்கள். அப்பாவுக்குச் சொல்லவில்லை. சட்டப் புத்தகங்களை விட்டுவிட்டு, விர்ஜில், பிளாட்டஸ் என்ற இரண்டு லத்தீன் கவிகளின் நூல்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். இப்போது நீங்கள் வாசலுக்கு வரலாம்.

மடத்துக்குள்: எதை எந்த வரிசையில் பார்ப்பது

வழிகாட்டியோடு போகும் சுற்றில் சேர்ந்துகொள்ளுங்கள். வழக்கமான சுற்று ஜெர்மன் மொழியில் இருக்கும். ஆங்கிலத்தில் வேண்டுமென்றால், முக்கியமாகக் குழுவாகப் போகிறவர்கள், முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது. நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். வாசல் அலுவலகத்தில் கேட்டுவிட்டு உங்கள் நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் அவசரப்படுவது லூதரின் சிற்றறைக்கு. அது பிற்காலத்தில் மறுபடி அமைத்தது. ஒரு மேசை, ஜன்னல், கனப்புக்கு வழியில்லாத சின்ன இடம். மனத்தில் ஒரு சித்திரம் வர உதவும். ஆனால் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று படமெடுக்கும் கும்பலோடு முட்டி மோதுவதற்கு முன் தேவாலயத்துக்குள் போங்கள். உங்கள் பார்வை முதலில் தரையில் இருக்கட்டும்.

பீடத்தின் முன்னால் தரையில் ஒரு கல்லறைப் பலகை பதிந்திருக்கிறது. அடியில் அடக்கமாகியிருப்பவர் யோஹான்னஸ் சக்காரியே, இதே மடத்தின் இறையியலாளர், 1428-இல் இறந்தவர். கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தில் செக் சீர்திருத்தக்காரர் யான் ஹுஸை எதிர்த்து வாதாடியவர்களில் ஒருவர். ஹுஸை 1415-இல் உயிரோடு எரித்தார்கள். இந்த மடத்தில் நவதுறவிகள் ஒரு வருஷப் பயிற்சி முடித்து நிரந்தர வாக்குக் கொடுக்கும்போது, இந்தக் கல்லின் மேல்தான் கைகளை விரித்துக் குப்புற விழுந்து கிடப்பார்கள். 1506-இல் லூதரும் அப்படிக் கிடந்தார். ஹுஸை எதிர்த்தவரின் எலும்புகள் கீழே. 1520-இல் "நாம் அறியாமலே எல்லாரும் ஹுஸின் ஆட்களாகத்தான் இருந்திருக்கிறோம்" என்ற பொருளில் எழுதப்போகிறவர் மேலே. நான் இந்த மடத்துக்குப் போகச் சொல்வதே இந்த ஒரு கல்லுக்காகத்தான். வழிகாட்டி இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். சுற்று முடிந்ததும் திரும்பி வந்து, பக்கத்து பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

பிறகு தலையை நிமிர்த்தி ஜன்னல்களைப் பாருங்கள். 14-ஆம் நூற்றாண்டின் கண்ணாடி ஓவியங்கள்; லூதர் நடுஇரவில் தொடங்கி ஒரு நாளைக்கு ஏழு வேளை செபத்துக்கு நின்றபோது தலைக்கு மேல் இருந்தவை இவையே. ஒன்றில் புனித அகஸ்டீனின் வாழ்க்கை. இன்னொன்றில் சிங்கமும் கிளியும். கிளி எப்படி ஜெர்மன் மடத்துக்குள் வந்தது என்று வழிகாட்டியைக் கேளுங்கள், நீளமான பதில் கிடைக்கும். ஜன்னல்களில் உள்ள ரோஜா வடிவத்தைக் காட்டி, லூதரின் பிற்கால முத்திரையான வெள்ளை ரோஜாவுக்கு இதுதான் மூலம் என்பார்கள். இருக்கலாம், ஏழு வேளையும் பார்த்த பூ மறக்காதுதானே. காலை வெயிலில் கிழக்கு ஜன்னல்கள் எரிவது போல ஒளிரும். மதியத்துக்கு மேல் மங்கிவிடும். இதற்காகவே தேவாலயத்தை முற்பகலில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இதே பீடத்தில்தான் 1507 மே 2 அன்று லூதர் முதல் பூசை வைத்தார். அப்பாவும் வந்தார், இருபது குதிரைகளில் ஆட்களோடு. மடத்துச் சமையலுக்கென்று இருபது கில்டர் நாணயம் கொடுத்தார். மகனோ கடவுளை நேரடியாக விளித்துச் சொல்ல வேண்டிய வார்த்தைகளில் நடுங்கி நின்றுவிட்டார். பூசை முடிந்து சாப்பாட்டில் உட்கார்ந்தபோது, அப்பா இப்போதாவது சமாதானமாகிவிட்டாரா என்று மகன் பேச்சை எடுக்க, "தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்று நீ படித்ததில்லையா? அந்த மின்னல் பிசாசின் வேலையாக இருந்தால்?" என்கிற மாதிரி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். பதினான்கு வருஷம் கழித்து, துறவு வாக்குகளை எதிர்த்துத் தான் எழுதிய நூலை லூதர் அப்பாவுக்கே சமர்ப்பித்தார், இந்தச் சாப்பாட்டு மேசையை நினைவுபடுத்தி.

தேவாலயத்தை விட்டு வெளியே வந்தால் நாற்புறமும் தாழ்வாரம் ஓடும் முற்றம். இங்கே ஒரு சுற்று மெதுவாக நடங்கள். லூதர் இங்கே நிம்மதியாக இருந்தவர் அல்ல. உபவாசம், குளிர், விழிப்பு என்று உடம்பை வருத்தினார். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதில், மணிக்கணக்காக உட்கார்ந்து, எழுந்து போனதும் விட்டுப்போன பாவம் ஒன்று ஞாபகம் வந்து திரும்ப ஓடி வருவார். சபைத் தலைவர் ஷ்டௌபிட்ஸ் பொறுமையானவர், அவரே அலுத்துப்போனார். மடத்து வாழ்க்கையால் ஒருவன் மோட்சம் போக முடியுமென்றால் நானும் போயிருப்பேன் என்று லூதர் பிற்காலத்தில் சொன்னது வீராப்பு இல்லை. கடவுள் என்மேல் இரக்கமாயிருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி அவரை இந்தத் தாழ்வாரங்களில்தான் குடைந்தது. 2011 செப்டம்பரில் போப் பதினாறாம் பெனடிக்ட் இதே மடத்துக்கு வந்து புராட்டஸ்டன்ட் தலைவர்களைச் சந்தித்தபோது, லூதரின் அந்தக் கேள்வி தன்னை இன்றும் தைக்கிறது என்றார். ரோமிலிருந்து அந்தச் சொல் வந்து சேர ஐந்நூறு வருஷம் ஆனது.

சிற்றறை, கண்காட்சி எல்லாம் இதற்குப் பிறகு. கண்காட்சியில் விளக்கப் பலகைகள் நிறைய. முழுக்கப் படித்தால் கால் கடுக்கும், தேவையானதை மட்டும் படியுங்கள். இங்கேதான் லூதர் கையில் சிவப்புத் தோல் அட்டை போட்ட பைபிள் ஒன்றைக் கொடுத்தார்கள், கிட்டத்தட்ட மனப்பாடம் ஆகும்வரை படித்தார்.

கடைசியாக நூலகம். புதுக் கட்டடம், 2010-இல் திறந்தது. பழைய கட்டடம் 1945 பிப்ரவரி 25 அன்று பிரிட்டிஷ் குண்டுவீச்சில் தரைமட்டமாயிற்று. அதன் நிலவறையில் பாதுகாப்புக்காக ஒதுங்கியிருந்த 267 பேர் இறந்தார்கள். அங்கே இப்போது மௌனமாக நினைவுகூரும் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் முன்னதாகவே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

மதியத்துக்கு மேல்: கதீட்ரல்

மடத்திலிருந்து கால் மணி நடை. எழுபது படி ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் கைப்பிடி ஓரமாக நிதானமாக ஏறுங்கள். 1507 ஏப்ரல் 3, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, லூதருக்குக் குருப்பட்டம் கிடைத்தது இங்கே. கோபுரத்தில் தொங்கும் குளோரியோசா என்ற மணி 1497-இல் வார்த்தது, பதினோரு டன்னுக்கு மேல் எடை. பெரிய திருநாட்களில் மட்டும் அடிப்பார்கள். மாணவன் லூதர் வந்து சேர்ந்தபோது அது நாலே வயதுப் புது மணி.

பொழுது சாயும்போது மடத்துக்குத் திரும்பிவிடுங்கள். பகல் பார்வையாளர்கள் போனபின் முற்றம் உங்களுக்கே உங்களுக்குத்தான், விடுதிக்குக் கொடுத்த காசு அப்போது செரிக்கும். தேவாலயத்துக்குள் இன்னொரு தடவை போக முடிந்தால் 1521 ஏப்ரல் 7-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். போப்பால் விலக்கி வைக்கப்பட்டவராக, பேரரசர் முன் விசாரணைக்கு வோர்ம்ஸ் நகரம் போகும் வழியில், லூதர் இங்கே பிரசங்கம் செய்தார். கூட்டம் தாங்காமல் மேல்மாடம் முறிவது போலச் சத்தம் கேட்டு ஜனங்கள் அலறி ஓடப் பார்த்தார்கள். சாத்தான் வேடிக்கை காட்டுகிறான், நில்லுங்கள் என்று அடக்கிவிட்டுத் தொடர்ந்தார். அன்று அவர் குப்புற விழுந்து கிடந்த அந்தக் கல் அவருக்குச் சில அடி தூரத்தில்தான் இருந்திருக்கும்.

மறுநாள்: தரங்கம்பாடிக்கு ஒரு குறுக்குவழி

துறவிகள் போனபிறகு இந்தத் தேவாலயம் லுத்தரன் சபையாரின் ஆலயமாயிற்று. 1690-இல் இங்கே உதவிக் குருவாக வந்தவர் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே. அவருடைய பக்தி இயக்கம் பிடிக்காமல் அடுத்த வருஷமே ஊரைவிட்டுத் துரத்தினார்கள். அவர் ஹாலே நகருக்குப் போய் அநாதை இல்லமும் பள்ளிகளும் எழுப்பினார். அந்த ஹாலேயில் படித்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்குதான் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். தஞ்சை, திருச்சிப் பக்கத்து லுத்தரன் குடும்பத்தார் யாராவது இந்தப் பயணத்தில் இருந்தால், அவர்களுடைய ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு நுனி இந்த மடத்துப் பீடத்தைத் தொடுகிறது.

எர்ஃபர்ட்டிலிருந்து ஹாலேக்கு விரைவு ரயிலில் முக்கால் மணிகூட ஆகாது. அங்கே ஃபிராங்கே நிறுவனங்களின் பழைய அநாதை இல்லக் கட்டடத்தின் உச்சி மாடியில் ஓர் அரும்பொருள் அறை இருக்கிறது. தரங்கம்பாடியிலிருந்து கப்பலில் அனுப்பிய பொருட்களையும் அதில் பார்க்கலாம். தமிழ் ஓலைச்சுவடிகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, அவற்றைப் பார்க்க முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். திங்கட்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும்.